படம் இல்லாத பக்கம்

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, மூன்றாம் வகுப்பு 'ஏ' பிரிவில் இருந்த நாற்பத்தொரு தமிழ்ப் புத்தகத்தில் முப்பத்தெட்டு ஓட்டையாகக் கிடந்தது. எலி கடித்த ஓட்டை என்றால் மனசு ஆறிவிடும். இது கத்தரிக்கோல் வைத்து வளைத்து வளைத்துப் பொறுமையாக வெட்டின ஓட்டை. பசு இருந்த பக்கத்தில் பசு வடிவத்தில் ஓட்டை, ஆட்டுக்குட்டி இருந்த பக்கத்தில் ஆட்டுக்குட்டி வடிவத்தில் ஓட்டை.

யாரைத் திட்டுவது? செல்வமேரி டீச்சர் தன்னையேதான் திட்டிக்கொள்ள வேண்டும். டிசம்பர் மாதம் வகுப்பில் நின்று அறிவித்தவள் அவள்தானே. "கோயில் குடிலுக்குப் பின்னால ஒட்டறதுக்குப் படம் வேணும். மாடு, ஆடு, குடிசை, மரம், எது இருந்தாலும் வெட்டி எடுத்துட்டு வாங்க. கொண்டு வர்றவங்களுக்கு ஒரு துண்டு கேக்." எதிலிருந்து வெட்டுவது என்று சொல்லவில்லை. செம்பாக்கம் ஏரிக்கரைக் குடிசைகளில் வாராவாரம் பத்திரிகையா வாங்குகிறார்கள்? காலண்டரில் இருப்பது சாமி படம், அதில் கை வைத்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும். அந்த வீடுகளில் மாட்டுப் படம் போட்ட ஒரே காகிதம் தமிழ்ப் புத்தகம்தான். பிள்ளைகள் டீச்சர் சொன்னதைச் செய்தன, கேக்கையும் தின்றன. படங்களை வாங்கி ஒட்டியது ஐந்தாம் வகுப்புப் பெண்கள். செல்வமேரி அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டு இருந்ததால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

புத்தகம் போனால் போகிறது, அடுத்த வெள்ளிக்கிழமை ஆண்டாய்வு. கல்வி அலுவலர், எல்லோரும் ஏ.இ.ஓ. என்று சொல்லுவார்களே, அவர் வந்து ஒவ்வொரு வகுப்பாகப் பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்லுவார். போன வாரம்தான் பங்குச் சாமியார் செல்வமேரியைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பள்ளிக்குத் தாளாளரும் அவரே. "மே மாசம் ஹெட்மிஸ்ட்ரஸ் அமலராணி டீச்சர் ரிட்டயர் ஆகுறாங்க. ரிப்போர்ட் நல்லா வந்தா அந்த நாற்காலி உனக்குத்தாம்மா. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் போடுங்கன்னு பிஷப் ஆபீஸ்ல சொல்லுவாங்க, என்னால மறுக்க முடியாது."

பதினேழு வருஷமாக அவள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். ஆசைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? பெரிய டீச்சர் என்று ஊரே கூப்பிடும். பூசைக்குப் போனால் முன்வரிசையில் இடம் விடுவார்கள். தாம்பரம் ரயில்வேயில் வேலை பார்க்கிற புருஷன்கூட ஒருநாளாவது தானே காபி போட்டுத் தருவான் என்று ஒரு நம்பிக்கை.

அதற்கெல்லாம் அவளுக்கு யோக்கியதை இல்லாமல் இல்லை. 'செல்வமேரி கிளாஸ் மணி மாதிரி வாசிக்கும்' என்று பேர். அவள் ஒரு வரி சொல்லுவாள், நாற்பத்தொரு வாயும் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லும். ஜனவரிக்குள் மொத்தப் புத்தகமும் முடிந்துவிடும். தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த வகுப்பிலும் அங்காளம்மாள் தனி. மீன் விற்கிற தனக்கோடியின் சின்னப் பெண். எட்டு வயசு, வத்தல் உடம்பு, தொண்டை மட்டும் வெண்கலம். ஆய்வுக்கு வருகிறவர் முன்னால் முதலில் எழுப்பப்போவது அவளைத்தான்.

அதனால்தான் அன்றைக்கு ஓட்டைப் புத்தகங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்த செல்வமேரி, சரி, இருக்கிற எழுத்தையாவது படிக்கட்டும் என்று, "அங்காளம்மா, எழுந்து பசு பாடம் படி" என்றாள்.

அங்காளம்மாள் எழுந்தாள். புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பசு வடிவ ஓட்டை வழியாக அவள் மூக்கும் பாதி வாயும் தெரிந்தன. "எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு. அதன் பெயர் சிவப்பி. சிவப்பி காலையில் புல் மேயும்…" கணீர் கணீர் என்று வந்தது. பக்கத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் படம் கிடையாது, எழுத்துதான். அந்த எழுத்தில் பாதியை முன்பக்கத்துப் பசு கொண்டுபோயிருந்தது. ஆறு வரிக்கு நடுவில் வெறும் காற்று. அங்காளம்மாள் அந்தக் காற்றையும் ஒரு சொல் விடாமல் வாசித்தாள்.

செல்வமேரிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது, இல்லாத எழுத்தை இவள் எப்படிப் படிக்கிறாள்? ஓட்டைக்குப் பின்னால் அசைந்துகொண்டிருந்த அந்தச் சின்ன வாயையே பார்த்தாள்.

"நிறுத்து" என்று சொல்லிவிட்டு, கரும்பலகைக்குப் போய் எழுதினாள்: எங்கள் வீட்டில் ஒரு எருமை உண்டு.

"எல்லாரும் சேர்ந்து படிங்க."

நாற்பத்தொரு வாயும் திறந்தது. "எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு. அதன் பெயர் சிவப்பி. சிவப்பி காலையில் புல் மேயும்." பலகையில் இருந்தது ஒரே வரி. பிள்ளைகள் பாடம் முடிகிற வரைக்கும் படித்துவிட்டுத்தான் நிறுத்தின. முடித்துவிட்டுப் பாராட்டுக்காக அவள் முகத்தைப் பார்த்தன.

அன்று மத்தியானம் அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டாள். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகப் பாடச் சொன்னால் எல்லாம் பாடும். நடுவில் ஒன்றை எடுத்து நீட்டினால் முழிக்கும். தேர்வில் பதில் எழுதினார்களே என்றால், அதுவும் ஒன்றாம் கேள்விக்கு ஒன்றாம் பதில் என்று மனப்பாடமாகக் கோலம் போடுகிற மாதிரி வரைந்ததுதான். உண்மையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது மூன்றே பேர். அந்த மூன்று பேருக்கும் வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பதினேழு வருஷம், வருஷத்துக்கு நாற்பது பிள்ளை என்று கணக்கு ஓட ஆரம்பித்ததும் நடையை நிறுத்தினாள், கணக்கு நிற்கவில்லை.

சாயந்தரம் கேட்டில் தனக்கோடி நின்றுகொண்டிருந்தாள். விடிகாலையில் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் எடுத்து, செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் தெருவெல்லாம் கூவி விற்றுவிட்டு, காலி அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளைக் கூட்டிப் போக வருவது அவள் வழக்கம். வாய் நிறைய வெற்றிலை.

"இன்னா டீச்சர், மூஞ்சி வாடிக் கீது? எம் பொண்ணு படிக்குதா?"

"படிக்கிறா தனக்கோடி."

"படிப்பா, படிப்பா. ராத்திரியெல்லாம் வூட்ல ஒரே கத்தல்தான். அன்னிக்கு இந்த அன்னக்கூடையக் காட்டி, இதுல இன்னா வெட்டிக் கீது சொல்லுன்னேன். தனக்கோடின்னு பட்டுனு சொல்டா. நானு ஆறு வருசத்துக்கு முந்தி பாத்திரக் கடையில குடுத்து பேர் வெட்டுனது. எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது, அவளுக்குத் தெரியுது பாரேன்." கூடையை ஒரு தட்டு தட்டினாள். "பெரியவ சரோஜினிக்குத்தான் மண்டையில ஒண்ணும் ஏறல. அவளும் உங்கிளாசுதான். அஞ்சாவது வரைக்கும் இங்க நல்லாத்தான் கத்தினா, ஆறாவதுக்குப் பெரிய ஸ்கூல் போனதும் பெயிலாயி உக்காந்துட்டா. இப்போ எக்ஸ்போர்ட் கம்பெனில நூல் பிசிறு வெட்டினு கீறா. இதுவாவது ஒரு டீச்சராவணும், உன்ன மாதிரி."

செல்வமேரிக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கோயிலுக்குள் போனாள். மூவிராசாக்கள் திருநாள் வரைக்கும் குடிலைக் கலைக்க மாட்டார்கள். வைக்கோலுக்குப் பின்னால் அட்டையில் வரிசையாக முப்பத்தெட்டு பசு, முப்பத்தெட்டு ஆட்டுக்குட்டி. குழந்தை இயேசு பிறந்த இடம் பால் பண்ணை மாதிரி இருந்தது. உரித்தெடுத்துத் திரும்பப் புத்தகத்தில் ஒட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்து, நகத்தால் ஒரு பசுவின் வாலைக் கீறிப் பார்த்தாள். மைதா பசை நன்றாகப் பிடித்திருந்தது. சே, என்ன பிழைப்பு இது என்று அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை அமலராணியிடம் போய் நின்றாள். பெரிய டீச்சர் கெட்டவள் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்றவள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இது எனக்குத் தெரியாதா செல்வமேரி? எல்லாக் கிளாஸ்லயும் கொஞ்சம் அப்படித்தான். நாலாவது போனா சரியாயிடும்."

"நாலாவது டீச்சர் அஞ்சாவது போனா சரியாயிடும்னு சொல்றாங்க டீச்சர்."

"சொல்லட்டும். இப்ப எட்டு நாள்ல நீ என்ன கிழிக்கப்போறே? 'பி' செக்‌ஷன்லேர்ந்து நல்ல புக் பத்து வாங்கித் தரேன். அங்காளம்மாவ எழுப்பு, பசு பாடத்த எடுத்துக் குடு. அந்த மனுஷன் ரெண்டு நிமிஷம் கேப்பார், கையெழுத்துப் போட்டுட்டுப் போவார். ஆய்வு முடியட்டும், அப்புறம் நீ ஆனா ஆவன்னாவே ஆரம்பி, யார் வேணாங்கறா? நாற்காலிலே உக்காந்துட்டா இந்தப் பள்ளிக்கூடத்தையே மாத்தலாமே."

பேச்சு ஞாயமாகத்தான் இருந்தது. செல்வமேரி தலையாட்டிவிட்டு வந்தாள். வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் புத்தகங்களைப் பைக்குள் வைக்கச் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை அரித்தது, அவ்வளவுதான்.

எட்டு நாளும் ராகம் கிடையாது. பஸ் டிக்கெட், தீப்பெட்டி, சோப்பு உறை, மீன் கட்டின காகிதம், எது கிடைக்குமோ அதைக் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, கூட்டி, உடைத்து, மறுபடி கூட்டி. பிள்ளைகளுக்குப் பிடிக்கவே இல்லை. கத்திப் பழகின வாய்கள் முணுமுணுத்தன. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "என்ன, கிளாஸ்ல சத்தத்தையே காணோம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாளுக்கு நாள் செல்வமேரிக்குப் பயம் ஏறியது. ராகமும் போய், வாசிப்பும் வராமல், இரண்டும் கெட்டானாக வெள்ளிக்கிழமை நிற்கப்போகிறோம் என்று தெரிந்தது. ஒரு நாள் சாயந்தரம் இதே யோசனையில், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சேலையூரில் இறங்காமல் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டாள். வழியெல்லாம் கடைப் பலகைகள். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என் பிள்ளைகள், எத்தனை பேர் பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்டு பஸ் ஏறுகிறார்கள் என்றே மனசு ஓடியது.

அங்காளம்மாள்தான் அதிகமாகத் தவித்தாள். இத்தனை நாள் கொடிகட்டிப் பறந்தவள், இப்போது 'ப', 'சு' என்று திணறினாள். புதன்கிழமை கண் கலங்கிக் கேட்டாள். "பாட்டா சொல்லக் கூடாதா டீச்சர்?"

"கண்ணு எழுத்தப் பாத்து முடிக்கிற வரைக்கும் வாய் தொறக்கக் கூடாது. தப்பா வந்தா பரவால்ல."

வியாழக்கிழமை அந்தப் பெண் ஒரு சோப்பு உறையைத் தானாகக் கூட்டிப் படித்தாள். நான்கு எழுத்துக்கு நான்கு நிமிஷம். படித்து முடித்து அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது இத்தனை நாளும் தன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொண்ட மாதிரி.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஏ.இ.ஓ. ராஜகோபால் வந்தார். பின்னால் பெரிய டீச்சர், அதற்குப் பின்னால் சாமியார். ஏ.இ.ஓ.வுக்குத் தாம்பரத்தில் இன்னொரு பள்ளிக்கூடம் பாக்கி இருந்தது, வந்ததிலிருந்து இரண்டு தடவை வாட்சைப் பார்த்துவிட்டார். அமலராணி தயாராக வைத்திருந்த புத்தகத்தை, ஓட்டை இல்லாத புத்தகத்தை, பசு பக்கத்தில் திறந்து அங்காளம்மாள் கையில் கொடுத்தாள்.

"படிம்மா" என்றார் ஏ.இ.ஓ.

அங்காளம்மாள் பக்கத்தைப் பார்த்தாள். படம் இருந்தது. சிவப்பி முழுசாகப் புல் மேய்ந்துகொண்டு நின்றது. பெண்ணின் முகம் மலர்ந்ததைச் செல்வமேரி பார்த்தாள். மொத்தப் பாட்டும் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தவள், திறந்தபடியே நிறுத்தி, டீச்சரைப் பார்த்தாள். பாட்டா, எழுத்தா? கேள்வி அந்தக் கண்ணில் பச்சையாக நின்றது.

ஒரு தலையசைப்பு போதும். அசைத்திருந்தால் மணி மாதிரி ஒலித்திருக்கும், நாற்காலி வந்திருக்கும், முன்வரிசை வந்திருக்கும். பெரிய டீச்சர் பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். செல்வமேரிக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிறகு மாற்றலாம் என்பதும் ஞாபகம் வந்தது. ஆனால் இந்தப் பெண்ணிடம் இப்போது 'பாடு' என்று சொன்னால், இந்த எட்டு நாளும் டீச்சர் சொன்னது சும்மா என்று இவள் முடிவு கட்டிவிடுவாள், அப்புறம் ஜென்மத்துக்கும் எழுத்தைப் பார்க்க மாட்டாள்.

"எழுத்தப் பாத்துப் படி அங்காளம்மா" என்றாள்.

அங்காளம்மாள் விரலை வைத்தாள். "எ… ங்… க… எங்க… ள். எங்கள். வீ… ட்…" ஏ.இ.ஓ. ஜன்னலைப் பார்த்தார். மேலே பயிற்சி விமானம் ஒன்று இரைந்துகொண்டு போயிற்று, அது போய் முடிகிற வரைக்கும் அவள் 'வீட்டில்' சொல்லி முடிக்கவில்லை. இரண்டு வரி. மூன்றாவது வரியில் ஒரு இடத்தில் தப்பு, தானே பார்த்து, தானே திரும்பப் போய்த் திருத்திக்கொண்டாள். அந்தத் திருத்தலைக் கேட்டு அங்கே சந்தோஷப்பட்டது ஒரே ஒரு ஆள்.

"போதும், உக்காரும்மா" என்றார் அவர். "இதுதான் உங்க நல்ல ஸ்டூடண்டா? மத்தவங்கள நான் பார்க்க வேணாம்."

ஆய்வுக் குறிப்பில் எழுதினார்: 'மூன்றாம் வகுப்பு "ஏ": மாணவர் வாசிப்புத் திறன் மிகக் குறைவு. சரளம் இல்லை. ஆசிரியை கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.' பக்கத்து 'பி' பிரிவில் பிள்ளைகள் மணி மாதிரி பசு பாடம் சொன்னார்கள். அதற்கு 'மிக நன்று'.

சாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே, வெளியாள்தான் இனிமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அமலராணி அன்றைக்கெல்லாம் அவளோடு பேசவில்லை.

பொங்கல் லீவு முடிந்த முதல் நாள் காலையிலேயே தனக்கோடி வந்துவிட்டாள். கூடை காலி இல்லை, பாதி மீனோடு. மீனை விற்காமல் வந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் நின்றாள்.

"இன்னா பண்ண எம் பொண்ண?"

"என்ன ஆச்சு தனக்கோடி?"

"கடகடன்னு படிச்சுகினு இருந்த பொண்ணு. இப்போ பொஸ்தகத்த எடுத்தா திக்கித் திக்கி, ஒரு வரிக்கு ஒரு மணி நேரம். ஆபீசர் எதிர்லயும் இப்டித்தான் பேஜார் பண்ணாளாமே, ஏரிக்கரையே பேசுது. கண்ணு பட்டுச்சோ இன்னாவோன்னு அங்காளம்மன் கோயில்ல கயிறு கட்டியாச்சு. டீச்சர் இப்டித்தான் படிக்கச் சொன்னாங்கன்றா. நல்லாக் கீற பொண்ண நீயே கெடுப்பியா?"

செல்வமேரிக்குச் சுருக்கென்றது. யாருக்காக நாற்காலியை விட்டாளோ அந்தப் பெண்ணின் அம்மாவே வந்து கேட்கிறாள். கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அன்னக்கூடைய இறக்கு" என்றாள்.

"எதுக்கு?"

"இறக்கு சொல்றேன். அங்காளம்மா, இதுல என்ன வெட்டியிருக்கு, படி."

தனக்கோடி அலட்சியமாக இறக்கி வைத்தாள். அங்காளம்மாள் குந்தி உட்கார்ந்து, விளிம்பில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்தாள். உளி வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து. விரல் முதல் எழுத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"பாத்தியா?" என்றாள் தனக்கோடி. "மின்னே பட்டுனு சொல்வா."

"பொ…" என்றாள் அங்காளம்மாள்.

"தனக்கோடிடீ."

"இல்லம்மா. பொ… ன்… னி. பொன்னி. ய… ம்… மா… ள்." நிமிர்ந்து பார்த்தாள். "பொன்னியம்மாள்."

தனக்கோடி சிரித்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். செல்வமேரி குனிந்து பார்த்தாள், அவளும் இதுவரை அந்தக் கூடையைப் படித்ததில்லை. பொன்னியம்மாள் என்றுதான் இருந்தது.

"சரியாத்தான் படிக்கிறா."

"பொன்னியம்மாவா? மாடம்பாக்கத்துக்காரி, மார்க்கெட்ல என் பக்கத்துலதான் மீன் எடுப்பா. அப்போ என் கூடை அவகிட்டயா கீது? எந்தக் காலத்துல மாறுச்சோ, இத்தினி நாளா அவ பேரத் தலையில தூக்கினு திரியிறேனா?" கூடையைச் சுற்றி ஒருமுறை நடந்தே பார்த்துவிட்டாள். நடந்தவள் பாதியில் நின்றாள். "அப்போ மின்னே தனக்கோடின்னு சொன்னாளே, அது இன்னா டீச்சர்?"

"அது படிப்பு இல்ல. நீ என்ன கேக்க ஆசப்பட்டியோ அதச் சொல்லியிருக்கா. புத்தகத்தையும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தா. சொல்லிக்கொடுத்தது நான்தான்."

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு பார்த்தன. தனக்கோடி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக வந்து சேர்ந்தது.

"அப்போ பெரியவ?" என்றாள் தனக்கோடி. "சரோஜினியும் இப்டித்தானே கத்துவா. அவளும் உங்கிட்டத்தான படிச்சா."

"ஆமா" என்றாள் செல்வமேரி.

"மண்டையில ஏறலன்னு அவள நான் அடிச்சிருக்கேன் டீச்சர். தொடப்பக்கட்ட பிய்யிற வரைக்கும் அடிச்சிருக்கேன்."

தனக்கோடி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். கூடையின் ஒரு பக்கத்தை அங்காளம்மாள் பிடித்தாள், இன்னொரு பக்கத்தை செல்வமேரி பிடித்துத் தூக்கிவிட்டாள். மீன் தண்ணீர் அவள் புடவையில் வழிந்தது. தனக்கோடி திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டி, மீன் கூவாமலே தெருவில் நடந்து போனாள்.